ஊட்டச்சத்து விழாவுக்கு யார் பணம் தருவது?

செப்டம்பர் பிறந்துவிட்டால் வட இந்தியச் சிறுநகரங்களில் ஒரே மாதிரியான காட்சி அரங்கேறுகிறது. நகர் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்போ அரசுப் பள்ளித் திடலிலோ ஷாமியானா எழும்புகிறது. மேசைகளின் மீது கம்பு, சோளம், முளைகட்டிய பயறு, கீரைக்கட்டு, வாழைப்பழம் எல்லாம் அடுக்கப்படுகின்றன. தரையில் தானியங்களைப் பரப்பி, வண்ணக் கோலத்துக்கு நடுவே "போஷண் மாஹ்" என்று எழுதுகிறார்கள். அதிகாரி வருகிறார், குழந்தைக்கு ஒரு கரண்டி ஊட்டுகிறார், கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. அந்தப் படம் தலைநகரத்தின் "மக்கள் இயக்க" இணையப் பலகையில் பதிவேறியதும் பந்தல் பிரிக்கப்படுகிறது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை முறை எடை பார்க்கப்பட்டது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. இந்தப் பந்தலுக்குப் பணம் தந்தவர் யார் என்பதற்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இக்கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். சில ஆயிரம் ரூபாய் செலவாகும் உள்ளூர் நிகழ்ச்சிக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று தோழர்களிலேயே சிலர் கருதக்கூடும். ஆனால், மக்களின் உணவைப் பற்றி மக்கள் முன் யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதை அந்தச் சில ஆயிரம் ரூபாயே தீர்மானிக்கிறது.

போஷண் அபியான் திட்டம் 2018 மார்ச் 8 அன்று, உலக மகளிர் நாளில், ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.9,046 கோடி. அதில் பாதி உலக வங்கி உள்ளிட்ட பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளின் வழியாக வரும் என்று அன்றே அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு முதல் செப்டம்பர் ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடப்படுகிறது. திட்டத்தின் விதிமுறைப்படி ஒவ்வோர் அங்கன்வாடியும் மாதம் இருமுறை சமூக நிகழ்வு நடத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு, ஆறுமாதக் குழந்தைக்குச் சோறூட்டல், குழந்தையை முன்பருவப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தல், பொதுச் சுகாதாரச் செய்தி பரப்பல் என நிகழ்வுகளின் பட்டியலும் உண்டு. ஒரு நிகழ்வுக்குத் தரப்படும் தொகை ரூ.250.

நாற்பது தாய்மார் வந்தால் தலைக்கு ஆறு ரூபாய் இருபத்தைந்து காசு. பேனர் அச்சிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டால் அதுவும் மிஞ்சாது. நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. மாதம் இருமுறை, ஆண்டுக்கு ரூ.6,000 என்று பெருக்கினால் ஏட்டளவில் ரூ.840 கோடி வருகிறது. டெல்லியின் கோப்பில் அது பெருந்தொகை. கடலை மிட்டாயும் வாழைப்பழமும் வாங்கக் கடைவாசலில் நிற்கும் ஊழியரின் கையில் அது இருநூற்றைம்பது ரூபாய்தான். அதுவும் முன்பணமாகக் கைக்கு வருவது அரிது. முதலில் தம் கைக்காசைப் போட்டு வாங்க வேண்டும், பிறகு ரசீதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அவரது கைக்காசு எவ்வளவு? ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பூதியம் ஊழியருக்கு ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. இதற்கு மேல் தருவது அந்தந்த மாநிலத்தின் மனத்தைப் பொறுத்தது. "மதிப்பூதியம்" என்ற சொல்லே ஆராயத்தக்கது. மதிப்பு, ஊதியம் என்னும் இரண்டு நல்ல சொற்களைச் சேர்த்து, இரண்டையும் மறுப்பதற்காக அரசு உருவாக்கிய கூட்டுச்சொல் அது. ஆங்கிலத்தில் அவரைத் தொழிலாளி என்ற பொருள்படும் "வொர்க்கர்" என்றே அரசு அழைக்கிறது. சட்டத்தின் முன் மட்டும் அவர் தொண்டராகிவிடுகிறார். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டுமென்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இல் பரிந்துரைத்தது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவற்றுக்குப் பின்னரும், நாட்டின் ஊட்டச்சத்து விழாக்களுக்கு முதல் நன்கொடையாளராக இருப்பவர் இந்தப் பெண்தான். எந்தப் பேனரிலும் அவர் பெயர் அச்சாவதில்லை.

சிறுநகரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. கிராமத்தில் கிராம நலவாழ்வு, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்ற அமைப்பு உண்டு. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் வழியாக அதற்கு ஆண்டுக்கு ரூ.10,000 வரையிலான நிபந்தனையற்ற நிதி உண்டு. பெருநகரக் குடிசைப் பகுதியில் மகளிர் ஆரோக்கியக் குழு உண்டு. அதற்கு ஆண்டுக்கு ரூ.5,000. ஆனால் 2013இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களையும், மாவட்டத் தலைநகரமாக இருந்தால் 30,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களையுமே தன் வரம்புக்குள் கொண்டது. இருபதாயிரம் பேர் வாழும் சந்தை ஊர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஏட்டில் அது ஊரக இயக்கத்தைச் சேர்ந்தது, ஆனால் அங்கே கிராமக் குழு என்று ஒன்று இருக்காது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் எனக் குறிக்கப்பட்ட 7,933 ஊர்களில் ஏறத்தாழ 3,900 ஊர்கள் கணக்கெடுப்பில் மட்டுமே நகரங்கள். அவற்றை ஆள்வது கிராமப் பஞ்சாயத்துகளே. கிராமத்துக்கு உரிய நிதியா, நகரத்துக்கு உரிய நிதியா என்று அதிகாரிகள் கோப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும்போது செப்டம்பர் முடிந்துவிடுகிறது.

ஸ்பான்சர் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

சிறுநகரத்தில் ஸ்பான்சர் என்றால் பெருநிறுவனத்தின் மேலாளர் கோட்டு அணிந்து வந்து இறங்குவார் என்று எண்ண வேண்டாம். அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் ஆகியவற்றின் மொத்த விநியோகத்தைக் கையில் வைத்திருப்பவர். அல்லது தனியார் மருத்துவமனையின் உரிமையாளர், நகை மாளிகைக்காரர், கோயில் அறக்கட்டளைத் தலைவர். இவர்கள் எல்லோரும் கெட்ட மனிதர்கள் அல்லர். கேட்டவுடன் பந்தலுக்கும் நாற்காலிக்கும் காசு கொடுப்பவர்கள்தாம். பதிலுக்கு இரண்டு கோருவார்கள்: முகப்பில் தம் பெயர், வருவோர் கையில் தம் பொருளின் மாதிரிப் பொட்டலம். அப்போது ஊட்டச்சத்து விழாவிலிருந்து வீடு திரும்பும் குழந்தையின் கையில் முளைகட்டிய பயறு இருக்காது, பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் இருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்கு நலமற்ற உணவே காரணம் என மதிப்பிட்டது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த, ஆலையில் பன்முறை பதப்படுத்திய உணவைக் குறைக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. பிஸ்கட் விநியோகஸ்தர் செலவில் எழும்பிய மேடையில் இந்த ஒரு வரியை எந்த மேற்பார்வையாளர் படிப்பார்? யாரும் அவரைத் தடுக்கத் தேவையில்லை, அவரே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

இங்கே சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது என்பதைத் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவு, பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் 1992ஆம் ஆண்டின் சட்டம் 2003இல் திருத்தப்பட்டது. இதன்படி, அப்பொருள்களைத் தயாரிப்போரும் விற்போரும் தாய்சேய் நலப் பணியில் உள்ளவர்களுக்கோ அவர்களது சங்கங்களுக்கோ கருத்தரங்கு, கூட்டம், போட்டி, பயிற்சி என்ற எந்தப் பெயராலும் பணம் தரக்கூடாது. ஆகவே குழந்தை மாவு நிறுவனத்தின் பெயர் பந்தல் முகப்பில் தொங்கினால் அது சட்டமீறல். புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் சிப்ஸுக்கும் குளிர்பானத்துக்கும் இத்தகைய தடை எதுவும் இல்லை. பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடச் சொல்லிப் பொதுச் சுகாதார இயக்கங்கள் போராடிவரும்போது, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் முன்வைத்த வரைவு எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திர மதிப்பெண்ணை முன்மொழிந்தது. உப்பும் கொழுப்பும் நிறைந்த பொட்டலத்துக்கும் இரண்டொரு நட்சத்திரம் கிடைத்துவிடும் ஏற்பாடு அது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்டால் என்ன என்போரும் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் முதலாவதாக இருப்பதே பசி, வறுமை, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றின் ஒழிப்புதான். அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை; தொழிலாளியின் உழைப்பிலிருந்து திரட்டிய லாபத்தின் ஒரு துளி அது. ஆனால் 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தன் பொருளுக்குச் சந்தை தேடும் நோக்கில் தரும் ஸ்பான்சர் பணம் சமூகப் பொறுப்புச் செலவாகாது. பேனரில் பொருளின் விளம்பரமும் வேண்டும், கணக்கில் தர்மமும் எழுத வேண்டும் என்பவரிடம் இந்த விதியைக் காட்டலாம். நடைமுறையில், விளம்பரம் இல்லை என்றதும் பணமும் இல்லை என்று தெரிந்துபோகும்.

அறக்கட்டளைகளின் பணம் வேறு விதமான கட்டுப்பாட்டுடன் வருகிறது. அது தட்டில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று சொல்கிறது. முட்டையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே பெரும்பாலும் முதல் நிபந்தனை. இதில் அரசுகளே முன்னோடிகளாக இருக்கும்போது அறக்கட்டளைகளை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் பாஜக அரசு அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை நிராகரித்தது. மகாராஷ்டிர அரசோ மதிய உணவில் முட்டைக்குத் தந்துவந்த தனி நிதியை 2025 ஜனவரியில் நிறுத்தியது. வேண்டுமானால் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி முட்டை போடுங்கள் என்று பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. கர்நாடகத்தில் வாரம் இரண்டு நாள் முட்டைக்கு அரசு பணம் தர, மற்ற நான்கு நாள்களுக்கு அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ ரூ.1,500 கோடி தருவதாக 2024இல் ஒப்பந்தம் செய்தது. குழந்தைகளுக்கு முட்டை கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே, அதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. மூன்றாண்டு முடிந்த மறுநாள் அந்த நான்கு முட்டைகளும் யாருடைய பொறுப்பு என்பதற்கு மட்டும் அந்த ஒப்பந்தத்தில் விடை தேட முடியாது.

காசுக்கு வாசனை இல்லை, வந்ததை வாங்கி நல்லதைச் செய்வோம் என்ற வாதம் இயக்கத்துக்குள்ளும் ஒலிக்கிறது. அதை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்பவர் பெரும்பாலும் நாளை மறுநாள் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்கு ஷாமியானாக்காரருக்கு முன்பணம் கொடுக்க வழியின்றித் தவிப்பவர். அவருக்குக் கொள்கை விளக்கம் போதாது; மாற்று வழி வேண்டும்.

மாற்று வழி நகராட்சியின் கல்லாவிலேயே இருக்கிறது. பொதுச் சுகாதாரம் அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 துறைகளுள் ஒன்று. பதினைந்தாவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு நகர உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் ரூ.1,21,055 கோடி. அதில் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் நகரங்களின் பங்கில் 40 சதவீதம் நிபந்தனையற்றது. சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அன்றி, ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்பதே விதி. நிதிக்குழுக்கள் மாறினாலும், உள்ளாட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றித் தன் தேவைக்குப் பணம் ஒதுக்கலாம் என்ற அதிகாரம் மாறாது. வரவேற்பு வளைவுக்கும் அலங்கார விளக்குக்கும் அந்த அதிகாரம் பயன்படுகிறது. எடைபார்க்கும் கருவிக்கும் ரத்தசோகைப் பரிசோதனைக்கும் ஒருநாள் சமையலுக்கும் மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அங்கன்வாடி உணவுக்கு அந்தத் திட்ட நிதியிலிருந்து ஒதுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியதற்கு அதுவே காரணம். குடும்பஸ்ரீ பெண்கள் நடத்திய மக்கள் உணவகங்களில் 20 ரூபாய்க்குச் சோறு கிடைத்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம் அளித்தது. 2023இல் அந்த மானியம் நிறுத்தப்பட்டது. நிலுவைத் தொகைக்காக அப்பெண்கள் அலைய நேர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசு மாநிலத்தின் கடன் வரம்பை நெருக்கியதும் உண்மை. ஆயினும் நெருக்கடியின் சுமை கடைசியில் அடுப்படியில் நின்ற பெண்களின் தோளில்தான் இறங்கியது. இடதுசாரிகள் ஆளும் இடமாயினும் அல்லாத இடமாயினும், திட்டத்தைத் தொடங்கும் தீர்மானத்திலேயே பணத்தின் ஊற்று எது, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்பதே அந்த அனுபவம் தரும் படிப்பினை.

மக்களிடம் நிதி திரட்டுவது இயக்கத்துக்குப் புதிதன்று. உண்டியல் ஏந்தியே வளர்ந்த இயக்கம் இது. வீட்டுக்கு ஒரு பிடி தானியம், கடைக்குப் பத்து ரூபாய் என்று திரட்டினால் ஒரு சிறுநகர விழா நடந்துவிடும். காய்கறிச் சந்தைத் தொழிலாளரும் சுமைப்பணித் தொழிலாளரும் மனமுவந்து பொருளாகவே தருவர். வரவு செலவைப் பந்தல் வாசலிலேயே பலகையில் எழுதி வைக்கலாம். ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. மக்கள் தரும் நிதி, அரசு தர வேண்டிய நிதிக்கு மாற்றாகிவிடக்கூடாது. பலகையின் ஒரு பக்கத்தில் மக்கள் தந்ததை எழுதினால், மறுபக்கத்தில் அரசு தர வேண்டியதையும் தராததையும் எழுத வேண்டும். இல்லையேல் மகாராஷ்டிர அரசு பள்ளிகளுக்குச் சொன்னதை நாமே முன்வந்து செய்து கொடுத்தவர்களாவோம்.

அந்த மறுபக்கத்தில் எழுத எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி உணவுச் செலவாக 2017இல் நிர்ணயித்த தொகை நாளுக்கு ரூ.8. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு ரூ.12, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரூ.9.50. உயர்த்துவோம் என்று 2025 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் சொன்னபோது எட்டு ஆண்டு விலையேற்றம் கடந்து போயிருந்தது. எட்டு ரூபாயில் ஒரு முட்டை வாங்கினால் மிச்சத்தில் வேறெதுவும் வாங்க முடியாது. இந்தத் தொகையைச் சொல்லாமல், "ஐந்து வண்ணக் காய்கறி உண்ணுங்கள்" என்று தாய்மாருக்குப் போதிக்கும் விழா அவர்களது வறுமையை அறியாமையாக மாற்றிக் காட்டுகிறது.

நல்ல உணவு பற்றிய பேச்சு நடுத்தர வர்க்கத்தின் கவலை, உழைக்கும் மக்களுக்கு வயிறு நிறைந்தால் போதும் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் எஞ்சியிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) அதற்கு விடை தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் வெறும் 11.3 சதவீதம். அதே ஆய்வு, பெண்களில் 24 சதவீதம் பேர் மிகை எடை கொண்டவர்கள் என்றும் சொல்கிறது. பசியும் மலிவான பொட்டல உணவும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. பத்து ரூபாய்ப் பொட்டலம் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. பருப்பும் முட்டையும் பழமும் கூலிக்குள் அடங்குவதில்லை. நியாயவிலைக் கடையில் பருப்பும் எண்ணெயும் வேண்டும் என்ற கோரிக்கையை ஊட்டச்சத்துப் பந்தலில் எழுப்பாமல் வேறெங்கே எழுப்புவது?

இதற்கெல்லாம் செப்டம்பரில் விழித்துக்கொள்வது காலம் கடந்த செயல். உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டம் மார்ச்சுக்குள் நிறைவேறிவிடுகிறது. ஆகவே நகர்க் கிளைகளும் மாதர் அமைப்பும் அங்கன்வாடி ஊழியர் சங்கமும் ஜனவரியிலேயே கூடியமர வேண்டும். மன்றத்தில் நமக்கு ஓர் உறுப்பினர் இருந்தாலும் போதும். இல்லாவிடில் மனுவாகக் கொடுக்கலாம். கேட்க வேண்டியவை சில: ஊட்டச்சத்து நிகழ்ச்சிக்கென நகராட்சி பட்ஜெட்டில் தனித் தலைப்பு; உணவு, பான நிறுவனங்களிடமிருந்து பணமோ மாதிரிப் பொருளோ பெறுவதில்லை என்ற தீர்மானம்; அங்கன்வாடி ஊழியருக்கு முன்பணம். நிகழ்வுக்கான இருநூற்றைம்பதை எந்தத் தொகையாக உயர்த்த வேண்டும் என்பதை அதிகாரி சொல்ல வேண்டாம், ஊழியர்களே எழுதட்டும். கடந்த ஆண்டின் தீராத ரசீதுகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.